ஐந்து தோட்டாவுக்கு நாலு மாசம்

தோணிரேவில் ஓர் ஆளைப் பற்றி மூன்று விஷயம் தெரிந்தால் போதும், மீதி முப்பதை ஊரே சேர்த்துக்கொள்ளும். கங்காதரனைப் பற்றித் தெரிந்த மூன்று இவை: மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவர், இருபத்துநாலு வருஷம் பட்டாளத்தில் துப்பாக்கி ரிப்பேர் பார்த்தவர், வலது காது சுத்தமாகக் கேட்காது. மற்றதெல்லாம் ஊர் சேர்த்தது. அவர் கட்டிலுக்குக் கீழே ஒரு பச்சை டிரங்குப் பெட்டி உண்டு. அதில் கையெறி குண்டு இருக்கிறது என்று ஒருத்தர் சொன்னார், இல்லை பீரங்கியையே கழற்றி வைத்திருக்கிறார் என்று இன்னொருத்தர் சொன்னார். அதனால் அவர் வீட்டுச் சுவரோரம் யாரும் கருவாடு காயப்போடுவதில்லை. வெடித்தால் கருவாடு வீணாகிவிடும் என்ற கவலைதான். கங்காதரன் வீணாகிவிடுவாரே என்று யாரும் கவலைப்பட்டதாகத் தகவல் இல்லை.

பெட்டிக்குள் இருந்ததெல்லாம் செத்துப்போன பெண்டாட்டி தேவகியின் இரண்டு புடவையும், ஒரு வெர்னியர் அளவுகோலும், நாலைந்து அரமும்தான்.

காது போன கதைக்கும் அவரிடம் ஆளுக்கொரு பதில் இருந்தது. மீன் விற்கிற பக்கத்து வீட்டுக் கலைவாணியிடம், "எம் பொண்டாட்டி கத்துன கத்துல போச்சு" என்பார். சலூன்காரரிடம், காஷ்மீர்க் குளிரில் காது உறைந்து உடைந்துவிட்டது என்பார். உண்மையை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

ஏரியில் இறால் பிடிக்க 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி எடுப்பது. பென்ஷன் வாங்குகிறவனுக்கு எதற்குப் பாடு என்று கங்காதரன் பெயரைச் சீட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவரும் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் சீட்டுப் போடுகிற நாளில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போய்க் கடைசியில் நிற்பார். தன் பெயர் வராது என்று தெரிந்தும் இடது காதைக் கூட்டத்துப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, கடைசிச் சீட்டுவரை கேட்டுவிட்டுத் திரும்புவார்.

மகள் சுபஸ்ரீ கல்யாணமாகிப் புனேயில் இருந்தாள். வாரத்துக்கு ஒரு போன். "சாப்டியா நைனா?" "சாப்ட்டேம்மா." "மாத்திர போட்டியா?" "போட்டேன்." அதற்குள் குக்கர் விசில் அடிக்கும், குழந்தை அழும், போன் கட்டாகும். அதற்கப்புறம் அடுத்த போன் வரைக்கும் அந்த வீட்டில் பேசுகிற ஒரே ஜீவன் டிவிதான்.

இப்படி இருக்கிற வீட்டு வாசலில்தான் ஆடி மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ராபர்ட் வந்து சைக்கிளை நிறுத்தினான். நாற்பத்தைந்து வயசு, கொஞ்சம் தொப்பை, நிறைய வாய். வீரராகவன் என்பவரின் இறால் பண்ணையில் காவல்காரன்.

"மில்ட்ரி அண்ணே, உள்ள வரலாமா? ஒண்ணும் வெடிக்காதுல்ல?"

"நீ வெடிக்காம இருந்தா சரி. வா."

ராபர்ட் ஒரு துணி மூட்டையை அவிழ்த்தான். ஐந்து காலித் தோட்டா, பித்தளையில், பச்சைக் களிம்பு ஏறிப்போய். ஒரு டப்பாவில் ஈயக் குண்டுகள், ஒரு பொட்டலத்தில் அடியில் செருகுகிற கேப்பு, கையால் அழுத்துகிற சின்ன பிரஸ் ஒன்று.

விஷயம் இதுதான். வீரராகவனின் தாத்தா காலத்து ரைபிள் ஒன்று அவர் பெயருக்கு லைசென்ஸ் மாறி வந்திருந்தது. ஒருமுறை சுட்டால் காலிக் கூட்டைத் தானே வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்கிற ஜாதி. ஆனால் அந்த அளவுத் தோட்டா இப்போது கடையில் கிடைப்பதில்லை. யாரோ ஒரு சிநேகிதர், பழைய கூட்டிலேயே வெடிமருந்து ரொப்பிக்கொள்ளலாம் என்று இந்தச் சாமான்களைக் கொடுத்துவிட்டிருக்கிறார்.

"தோணிரேவுல ஒரு மில்ட்ரி கீறாரு, அவரு கையில குடுனு சார் சொல்லிட்டாரு."

"இத்த ரொப்பறதுக்குத் தனியா பர்மிசன் வேணும். உங்க சாருகிட்ட கீதா?"

"சாருகிட்ட எல்லாம் கீதுண்ணே."

"பர்மிசன்?"

"அது ஒண்ணுதான் இல்ல."

"மருந்து எங்க?"

"பண்ணையில கீது. ஒரு தகர டப்பா."

"டப்பா மேல இன்னா எழுதிக்கீது?"

"ஒண்ணியும் இல்ல. யாரோ சொரண்டிக்கீறாங்க."

"பேர் இல்லாத மருந்த மாட்டுக்குக்கூட குடுக்க மாட்டான். நான் துப்பாக்கிக்குக் குடுக்கணுமா? எடுத்துக்கினு போய்டு."

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் மழை பிடித்துக்கொண்டது. மழை விடுகிறவரைக்கும் இருக்கட்டும் என்று கங்காதரன் டீ போட்டார். டீக்கு மேலே பேச்சு வந்தது. பண்ணை முதலாளிக்குச் சாயம் பூசிய மீசை, சாயம் தலையணையில் ஒட்டுவதால் அவருக்கும் சம்சாரத்துக்கும் நடக்கிற சண்டை, பழவேற்காடு பஸ்ஸில் தூங்கிப்போய்ப் பொன்னேரி டிப்போ வரை போன கண்டக்டர் என்று ராபர்ட் ஏரியைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்தான். அப்புறம் சீட்டுக்கட்டு வந்தது. இரண்டு பேர் ரம்மி. கங்காதரன் இரண்டு மணி நேரம் சிரித்தார். சிரித்து முடித்ததும் தாடை வலித்தது. அந்தத் தசை பழக்கம் விட்டுப்போயிருந்தது.

மழை நின்றது. ராபர்ட் மூட்டையைக் கட்டிக்கொண்டு எழுந்தான். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவனைக் கங்காதரன் பார்த்தார். மூட்டை போனால் இவனும் போவான், இனி வர இவனுக்கு இந்த வீட்டில் ஒரு வேலையும் இல்லை.

"வெச்சுட்டுப் போ" என்றார். "பாக்கறேன்."

"ரொப்பித் தர்றியா அண்ணே?"

"பாக்கறேன்னு சொன்னேன். அடுத்த ஞாயித்துக்கெழம வா."

அன்றைக்குத்தான் கங்காதரன் அறுபது வயசில் ஒரு களவாணித்தனம் ஆரம்பித்தார். அந்தத் தோட்டாக்களில் ஒரு நாளும் மருந்து ரொப்பப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். ரொப்ப மாட்டேன் என்பதைச் சொல்லவும் போவதில்லை. ஐந்து தோட்டாவை எத்தனை ஞாயிற்றுக்கிழமைக்கு இழுக்க முடியுமோ அத்தனைக்கு இழுப்பது என்று முடிவு கட்டினார்.

முதல் வாரம் கூடுகளைப் புளி போட்டு ஊறவைத்துத் தேய்த்தார்கள். இரண்டாவது வாரம் வந்தவனிடம், உள்ளே ஈரம் காயவில்லை என்று காட்டினார். மூன்றாவது வாரம் ஒரு மெல்லிய கம்பியின் நுனியை வளைத்துக் கொடுத்து, கூட்டுக்குள் விட்டுத் தடவச் சொன்னார்.

"கீழாக்க ஒரு எடத்துல பள்ளமா தட்டுப்படுதா?"

"ஆமாண்ணே. ஒரு வளையம் மாரி."

"வெளிய பாரு. அதே எடத்துல பளபளனு ஒரு கோடு தெரியுதா? ஒவ்வொரு வாட்டி சுடறப்பவும் பித்தள இழுபடும். இழுபட்டு இழுபட்டு அந்த எடம் மெலிஞ்சுபோச்சு. இன்னொரு வாட்டி சுட்டா ரெண்டா பிஞ்சிக்கும். காத்து பின்னாடி மூஞ்சிக்கு வரும். இது வோணாம், வேற எடுத்தா."

வேறு கூடு வர ஒரு வாரம். அதைப் புளியில் போட ஒரு வாரம். காய ஒரு வாரம். பிறகு வெர்னியரால் நீளம் அளந்து, தலைமுடி அளவு அதிகம் என்று சொல்லி, வாரத்துக்கு ஒரு கூடாக அரத்தால் தேய்த்தார். ராபர்ட்டுக்கும் ஒரு அரம் கொடுத்தார். அவன் தேய்க்கிற சாக்கில் பேசுவான், இவர் கேட்கிற சாக்கில் டீ ஊற்றுவார்.

"அண்ணே, எங்கம்மா ஒம்போது புள்ள பெத்துது. அதுக்குக்கூட இவ்ளோ நேரம் ஆவல."

"உங்கம்மா அளவெடுக்காம பெத்துது. அதான் நீ இப்டி கீற."

கங்காதரன் உட்காரும் நாற்காலி இடது காது வாசல் பக்கம் இருக்கிற மாதிரிப் போட்டிருக்கும். ராபர்ட் சைக்கிளின் பின்சக்கரத்தில் ஒரு கிரீச் உண்டு. தெருமுனை திரும்பும்போதே அது கேட்டுவிடும். எண்ணெய் விடுகிறேன் என்று ராபர்ட் ஒருதரம் எண்ணெய்ப் புட்டியைக் கேட்டான். தீர்ந்துபோச்சு என்று சொல்லிவிட்டார், புட்டியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு.

ஒருநாள் ராபர்ட் கேட்டான். "ஒரு சந்தேகம்ணே. இத்தூண்டு மருந்து. அதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ கெடுபிடி?"

"முகத்துவாரத்துல மண்ணு அடைச்சுக்கினா இன்னா ஆவும்?"

"மழத்தண்ணி கடலுக்குப் போவாது. ஏரி ஏறி ஊருக்குள்ள வரும்."

"அதேதான். தோட்டா ஒக்கார்ற எடம், சேம்பர்னு சொல்வோம், அதான் ஏரி. குழாய்தான் முகத்துவாரம். மருந்து எரிஞ்சா காத்தாவும். அந்தக் காத்து குண்டத் தள்ளிக்கினு வெளிய போய்டணும். மருந்து ஜாஸ்தி ஆச்சுனா ஏரி தாங்காது, கரை ஒடையும். கம்மி ஆனா அதவிட மோசம். குண்டு பாதி வழியில நின்னுடும், முகத்துவாரம் அடைச்சுக்கும். அது தெரியாம இன்னொண்ணு சுட்டா மொத்த வெள்ளமும் உன் மூஞ்சியில. அதுவும் இந்த மாரி தானா ஏத்திக்கிற துப்பாக்கியில, அதே காத்துதான் பின்னாடி கதவு மாரி கீற போல்ட்டையும் தள்ளணும். கொஞ்சம் கொறஞ்சா போல்ட்டு திரும்பாது. கொஞ்சம் ஏறுனா போல்ட்டே ஒடையும்."

"அப்போ எவ்ளோ போடணும்?"

இந்த இடத்தில் கங்காதரன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மருந்துக்குப் பெயர் இல்லை, பெயர் இல்லாத மருந்துக்குக் கம்பெனிக்காரன் புத்தகத்தில் அளவு கிடையாது, அதனால் இதில் எவ்வளவு போட்டாலும் தப்பு என்று. சொன்னால் அன்றோடு வேலை முடிந்தது, ஞாயிற்றுக்கிழமையும் முடிந்தது.

"அளவா போடணும்" என்றார்.

ராபர்ட் தலையாட்டினான். இதில்தான் கோளாறு பிறந்தது. பழவேற்காட்டு மீன் சந்தையில் எடைக்கல் கிடையாது. மீனைக் கூறு கட்டி வைப்பார்கள். ஒரு கூறும் இன்னொரு கூறும் ஒன்றுபோல இருப்பதைக் கண்தான் சொல்லும், வாங்குகிறவளும் கண்ணால்தான் ஒத்துக்கொள்வாள். ராபர்ட் காவல் வேலைக்கு வருமுன் இருபது வருஷம் கூறு கட்டியவன். அவன் கட்டுகிற கூறில் ஒரு மீன் கூடக்குறைய இருக்காது என்று பெயர் வாங்கியவன். அவனிடம் போய் 'அளவா' என்றால் அவன் என்ன புரிந்துகொள்வான்?

ஐப்பசியில் பண்ணை முதலாளி நெருக்க ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து சிநேகிதர்கள் வருகிறார்கள், சுட்டுக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன், உங்கள் மில்ட்ரி துப்பாக்கியையே புதிதாகச் செய்கிறாரா என்று ராபர்ட்டைப் பிடித்து ஏசினார். ராபர்ட் வந்து கெஞ்சினான். அவனைச் சமாதானப்படுத்த ஒரு வேலை காட்ட வேண்டியிருந்தது. கங்காதரன் ஐந்து கூட்டிலும் கேப்பை அழுத்திச் செருகி, மரக்கட்டையில் வரிசையாக நிற்கவைத்தார். அது செய்யக் கூடாத வேலை என்று கைக்குத் தெரியும். ஒரு வாரம் கிடைத்தால் போதும் என்று மனசு சொல்லிற்று.

அந்தச் சனிக்கிழமை அவர் பொன்னேரிக்குப் போனார். பென்ஷன்காரர்கள் வருஷத்துக்கு ஒருதரம் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். கைரேகை எந்திரத்தில் அவருடைய கட்டைவிரல் பதியவில்லை. அரம் பிடித்துத் தேய்ந்த விரல். கவுண்ட்டரில் இருந்த பெண் நாலு விரலையும் வைத்துப் பார்த்துவிட்டு, "சார், நீங்க இருக்கீங்கன்னு வர மாட்டேங்குது" என்றாள்.

"எனுக்கும் அந்தச் சந்தேகம் கீதும்மா" என்றார்.

கண்ணை வைத்துப் பதிந்து, உயிரோடு இருப்பது உறுதியாகி, மழையில் நனைந்து வீடு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. சாப்பிடாமல் படுத்துவிட்டார். விடிந்து எழுந்த பிறகுதான் மரக்கட்டையைப் பார்த்தார். ஐந்து ஓட்டையும் காலி. பிரஸ்ஸும் குண்டு டப்பாவும் இல்லை. சாவி நேற்று ராத்திரி, ராபர்ட்டுக்கும் தெரிந்த வழக்கமான இடத்தில், வலை மிதவைக்குக் கீழே பத்திரமாகத்தான் இருந்தது. போனில் நேற்று மத்தியானம் வந்த ஒரு குரல் மெசேஜ் இருந்தது. இடது காதில் வைத்துக் கேட்டார்.

"அண்ணே, நீ ஊர்ல இல்ல. சார் ரொம்ப ஏசிட்டாரு. மிச்சம் கீறது மருந்து போடறது ஒண்ணுதான், அத்த நானே போட்டு பிரஸ்ஸுல அமுக்கிட்டேன். பயப்படாத, அஞ்சுக்கும் ஒரே அளவா கூறு கட்டிட்டேன். நாளைக்குக் காலையில சார் சுடறாரு. நீயும் வா."

திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார், அவன் எடுக்கவில்லை. கங்காதரன் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு கலைவாணி வீட்டுக்கு ஓடினார். அவள் மொபெட்டில் மீன் கூடையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"கலைவாணி, வண்டி குடு."

"கூட கீது மில்ட்ரி. மீனு கெட்டுடும்."

"வண்டி குடு."

அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தாள். கூடையை இறக்க நேரமில்லை. பன்னா மீனும் நண்டுமாகக் கூடை பின்னால் ஆட, ஏரிக்கரை மண் பாதையில் போனார்.

வழியெல்லாம் நினைவுக்கு வந்தது காது போன அந்தப் பழைய நாள்தான். வடக்கே ஒரு சுடுதளம். ஹரிஹரன் என்ற சிப்பாய் படுத்துச் சுட்டுக்கொண்டிருக்கிறான். 'டம்', 'டம்', அப்புறம் ஒரு 'புஸ்'. பக்கத்தில் நின்ற கங்காதரனுக்கு அந்தச் சத்தம் என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. ஆனால் எதிரே பெரிய அதிகாரி நின்றார். ஆர்டர் இல்லாமல் வாயைத் திறக்கலாமா என்று ஒரு நொடி யோசித்தார். ஹரிஹரன் கையாலேயே போல்ட்டை இழுத்து அடுத்ததை ஏற்றிச் சுட்டான், துப்பாக்கி வெடித்தது. ஹரிஹரனுக்கு ஒரு கண் போயிற்று. இவருக்குக் காது. விசாரணையில் யாரும் இவரைக் குற்றம் சொல்லவில்லை. அந்த ஒரு நொடி யாருக்கும் தெரியாது.

பண்ணையில் குளக்கரை மேல் நாற்காலி போட்டு மூன்று சிநேகிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே மணல் மூட்டை அடுக்கி அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் குடம். வீரராகவன் குளிர்கண்ணாடி போட்டுக்கொண்டு ரைபிளைத் தோளில் வைத்திருந்தார். ராபர்ட் அவருக்கு வலப்பக்கம், ஒரு முழ தூரத்தில், தான் செய்த பலகாரத்தை விருந்தாளி வாயில் வைக்கிறதைப் பார்க்கிறவன் மாதிரி நின்றான்.

கங்காதரன் வண்டியை நிறுத்துவதற்குள் வீரராகவன் விசையை இழுத்துவிட்டார்.

'புஸ்.'

குடம் அப்படியே இருந்தது. ஒரு சிநேகிதர் சிரித்தார். "இன்னா வீரா, துப்பாக்கிக்கு ஜலதோஷமா?"

வீரராகவன் துப்பாக்கியைப் புரட்டிப் பார்த்தார். போல்ட்டு பின்னால் வரவில்லை. கையால் இழுத்தார், காலிக் கூடு துள்ளி விழுந்தது. விட்டார், அடுத்தது உள்ளே போய் உட்கார்ந்தது. தோளுக்கு ஏற்றினார்.

கங்காதரன் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினார். நண்டெல்லாம் கரையில் சிதறின. பின்பக்கமாக வந்து, விசைக்குப் போகிற விரலோடு சேர்த்து வீரராகவனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சுடாத. குழாய் அடைச்சுக்கீது."

"யாருய்யா நீ?"

"கைய எடு. குழாய் வாயி மண்ணு மூட்டையப் பாத்தே இருக்கட்டும். மெதுவா என்கிட்ட குடு."

அந்தக் குரலில் இருபத்துநாலு வருஷம் இருந்தது. வீரராகவன் கொடுத்துவிட்டார். கங்காதரன் உள்ளே இருந்த தோட்டாவை எடுத்து இடுப்பில் செருகினார், மீதி மூன்றையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். குளத்து வலைக்கு ஊன்றிய மூங்கிலிலிருந்து மெல்லிய சிம்பு ஒன்றை ஒடித்து, குழாய் வாயில் விட்டார். முக்கால் முழம் போய் நின்றது. அந்த இடத்தில் நகத்தால் அடையாளம் வைத்து, சிம்பைக் குழாயின் வெளிப்பக்கத்தில் வைத்துக் காட்டினார். அங்கேதான் குண்டு உட்கார்ந்திருந்தது. நாற்காலியில் இருந்தவர்கள் ஒருத்தர்பின் ஒருத்தராக எழுந்தார்கள்.

அப்புறம் இறால் தீனிக்கு மருந்து நிறுக்கிற சின்ன மின்தராசைக் கேட்டு வாங்கி, நாலு தோட்டாவையும் ஒவ்வொன்றாக வைத்தார். நாலும் நாலு எடை காட்டிற்று. கடைசியாக வைத்ததுதான் எல்லாவற்றிலும் கனம். அதுதான் இரண்டாவதாக உள்ளே போய் உட்கார்ந்திருந்தது.

ராபர்ட் தராசையே பார்த்தான். "கண்ணுக்கு ஒரே மாரிதானேண்ணே இருந்துச்சு" என்றான்.

வீரராகவனுக்கு இப்போது கோபம் வந்தது. பயம் போனதும் வருகிற கோபம். "நாலு மாசம் உன் கையில இருந்துச்சு. நீ ரொப்பியிருந்தா இவன் ஏன் கை வெக்கப் போறான்? முடியாதுன்னா மொத நாளே சொல்லித் தொலைச்சிருக்க வேண்டியதுதானே?"

காது போனதற்குச் சொல்கிற மாதிரி ஒரு கதையும் கங்காதரன் வாயில் வரவில்லை.

"சொல்லியிருந்தா இவன் வந்திருக்க மாட்டான்" என்றார்.

"எங்க?"

"என் வூட்டுக்கு. ஞாயித்துக்கெழம."

யாருக்கும் புரியவில்லை. ராபர்ட்டுக்கு மட்டும் புரிந்தது. புளி, ஈரம், வளையம், முடி அளவு எல்லாம் அவன் முகத்தில் ஒவ்வொன்றாக வந்துபோனது.

"ரொப்பறதாவே இல்லியா நீ?"

"இல்ல."

"நாலு மாசம். அவர்கிட்ட ஏச்சு வாங்கிக்கினு, அரத்த வெச்சுத் தேச்சுக்கினு. உனுக்கு டீ குடிக்கத் தொணைக்கு ஆளு வேணும், அதுக்கா?"

"ஆமா."

"கேட்டிருந்தா சும்மாவே வந்திருப்பனேண்ணே" என்றான் ராபர்ட். சொல்லிவிட்டு, தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு பம்ப் ஷெட்டுக்குப் பின்னால் போய்விட்டான்.

மருந்து டப்பாவையும் நாலு தோட்டாவையும் ஸ்டேஷனில் ஒப்படைக்காமல் நகர மாட்டேன் என்று கங்காதரன் உட்கார்ந்துவிட்டார். வீரராகவன் வக்கீலுக்குப் போன் போட்டு, கடைசியில் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். ரைபிளும் கூடவே போயிற்று. போகுமுன், இங்கே நடந்தது வெளியே போகக் கூடாது என்று எல்லாரிடமும் கண்டிப்பாகச் சொன்னார். சாயங்காலத்துக்குள் கலைவாணி அதை நண்டோடு சேர்த்து மூன்று ஊரில் விற்றுவிட்டாள். சிதறிய நண்டில் எட்டுதான் திரும்பக் கிடைத்தது என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

ராபர்ட்டுக்குக் காவல் வேலை போயிற்று. மறுபடி சந்தையில் கூறு கட்டப் போய்விட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கங்காதரன் இரண்டு டம்ளர் கழுவி வைத்தார். அதற்கடுத்த ஞாயிறும். மூன்றாவது வாரம் பஸ் பிடித்துப் பழவேற்காட்டுச் சந்தைக்கே போனார். மீன் வாங்கப் போகவில்லை. ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். ராபர்ட் கால் மடக்கி உட்கார்ந்து கெளுத்தியைக் கூறு பிரித்துக்கொண்டிருந்தான். விரல்கள் வேகமாக ஓடின. கங்காதரன் அவற்றை எண்ணினார். பத்து. சரியாகத்தான் எண்ணினோமா என்று இன்னொரு தரம் எண்ணினார். ராபர்ட் தலை நிமிர்ந்தான். பார்த்தான். ஒரு பெண் வந்து கூறு விலை கேட்டாள், அவன் அவள் பக்கம் திரும்பிக்கொண்டான். கங்காதரன் அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டார். கேட்காத காது வாசல் பக்கம், கேட்கிற காது சுவர்ப் பக்கம். இனித் தெருவில் போகிற எந்தச் சைக்கிளுக்கும் எழுந்து எழுந்து பார்க்க வேண்டியதில்லை. அப்படி உட்கார்ந்தால் ஒரு சௌகரியம் இருந்தது. ஏரிகூட இல்லாத மாதிரி இருந்தது.

மார்கழியில் ஒரு திங்கட்கிழமை. கலைவாணி வாசலில் கூடையை இறக்கி, மூச்சு வாங்கிவிட்டு, உள்ளே வந்து அவருடைய இடது பக்கமாகச் சுற்றி நின்றாள்.

"ஏன் மில்ட்ரி, நேத்து உனுக்கு உடம்பு சரியில்லியா?"

"நல்லாத்தான் கீறேன். ஏன்?"

"அந்தப் பண்ணைக்கார ஆளு வந்துச்சே. ராபர்ட்டு. வாசலாண்ட சைக்கிள நிறுத்திக்கினு, 'அண்ணே, அண்ணே'னு ரெண்டு தபா கூப்புட்டுச்சு. நீ திரும்பல."

கங்காதரன் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு சமயம் கேக்கல போலனு நான்தான் சொன்னேன். 'இல்லக்கா, அவுருக்கு எந்தக் காது கேக்கும்னு எனுக்குத் தெரியும். செவிட்டுக் காத வாசலுக்குத் திருப்பி வெச்சுக்கினு ஒக்காந்துகீறாருனா, வராதனுதான் அர்த்தம்'னு சொல்லிட்டுப் போய்டுச்சு. கையில ஏதோ பொட்டலம் வேற. நீ இன்னாத்துக்கு நாற்காலிய இப்டிப் போட்டு வெச்சுகீற?"

"வெளிச்சம் கண்ணுல அடிக்குது."

"மார்கழி மாசத்துலயா?" என்று கேட்டுவிட்டு, அந்தச் செய்தியையும் கூடையில் போட்டுக்கொண்டு அவள் கிளம்பினாள்.

அவள் தெருமுனை தாண்டுகிறவரை கங்காதரன் அசையவில்லை. பிறகு எழுந்து நாற்காலியைத் தூக்கினார். இடது காது வாசலுக்கு வருகிற மாதிரி, தரையில் பழைய கால்கள் பதிந்திருந்த நாலு தடத்திலும் பொருத்தி வைத்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. உட்கார்ந்துகொண்டார்.